நாலு சுற்று இடைவெளி

அப்பா,

இன்று மத்தியானம் சித்தப்பா உங்கள் பலாமரக் கிட்டாரைக் காவல் நிலையத்திலிருந்து வாங்கிக்கொண்டு வந்தார். சிமெண்டுச் சாக்கில் இருந்தது. சாக்கின் வாய்க்கு வெளியே இரண்டு தந்திகள் சுருண்டு நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று சித்தப்பாவின் கையைக் கீறி இரத்தம் வந்திருந்தது. அவர் அதைத் துடைக்காமல் சாக்கை மேசைமேல் வைத்து, "இன்னா மக்கா, அப்பனுக்க சாதனம்" என்று சொல்லிவிட்டு முற்றத்தில் போய் நின்றுகொண்டார்.

சாக்கைத் திறந்ததும் ஈயம் உருகிய வாசனை வந்தது. ஓராண்டு கழிந்தும் போகவில்லை. உங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் எங்கள் தலையணைகளிலும் இருந்த அதே வாசனை. அதை முகர்ந்தவுடன் என் முதுகு தானாகச் சுவரைத் தேடிப் போனது. நான் சமையலறைக் கதவோரம் போய் நின்றபிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவு வந்தது.

உதியங்குளங்கரை வளைவில் மண் ஏற்றிய லாரி உங்கள் பைக்கை இடித்தபோது இந்தக் கிட்டார் உங்கள் முதுகில் இருந்தது. கழுத்து நீளமாகப் பிளந்திருக்கிறது. உடம்பில் தார் ஒட்டியிருக்கிறது. வேறு கறைகளும் இருக்கின்றன. வழக்கு முடிந்துவிட்டதால் கொடுத்துவிட்டார்களாம்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று ஓராண்டாக நினைக்கிறேன். எங்கள் பள்ளி நூலகத்தில் இறந்தவர்களுக்கு எழுதிய கடிதங்கள் உள்ள புத்தகங்கள் சில உண்டு. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அவற்றில் இறந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள். உங்களைப் பற்றி அப்படி எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கம் போயிற்று. பிறகு கிழித்துவிட்டேன்.

உங்கள் கைகளைப் பற்றித்தான் எனக்கு எழுத வரும். பாறசாலையைச் சுற்றி எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் எந்தக் கிறிஸ்தவ ஆலயத்தில் கூட்டம் என்றாலும் ஒலிபெருக்கியும் விளக்கும் கட்டிய கைகள். இருபது ஆண்டுகள் மேடைக் கச்சேரி நடத்தும் கானமேளக் குழுவில் அடுத்தவர்களின் சினிமாப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்த கைகள். ஒருமுறை நான் மைக் வயரை முழங்கையில் மாட்டிச் சுற்றி வைத்தேன். வயரை அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவும் இல்லை. அதே வயரை இரண்டாக மடித்து என் கெண்டைக்காலில் அடித்தீர்கள். இரண்டு அடி. பிறகு உட்கார்ந்து, எப்படி வளையம் வளையமாகச் சுற்ற வேண்டும் என்று மிகப் பொறுமையாகச் செய்து காட்டினீர்கள். அடியும் பொறுமையும் ஒரே கையிலிருந்துதான் வந்தன. எது எப்போது வரும் என்று கண்டுபிடிக்க நான் உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எதையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் வந்தது அப்படித்தான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கொல்லயில் என்ற ஊரில் ஒரு கிளப்பின் ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மேடை ஓரத்தில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்தீர்கள். சாயங்கால வெயில் இன்னும் தென்னை உச்சியில் இருந்தது. சித்தப்பா மூன்றாவது பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். முன்னால் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தில் யாரோ யாருடைய காலையோ மிதித்துவிட்டார்கள். ஒரு நாற்காலி தலைகளுக்கு மேலே பறந்து போனது. அடுத்து பந்தல்காலில் இருந்து பிடுங்கிய மூங்கில். மஞ்சள் சட்டை போட்ட ஒருவனை நாலு பேர் தரையில் போட்டு மிதித்தார்கள். அவன் கையால் வாயைப் பொத்தியிருந்தான். விரல்களுக்கு இடையில் சிவப்பாக வழிந்தது.

சித்தப்பா பாட்டை விட்டுவிட்டார். நீங்கள் வாசித்துக்கொண்டே போய் அவருடைய முட்டிக்குப் பின்னால் ஓர் உதை கொடுத்தீர்கள்.

"பாடுலே!"

"அண்ணா, அங்க கொல்லுதானுவ..."

"அதுக்காக்கும் சொல்லுதேன். பாட்டு நின்னா அடி கூடும். பாடு!"

அவர் பாடினார். ஒரு கல் வந்து உங்கள் புருவத்துக்கு மேலே பட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நீங்கள் தலையை மட்டும் சாய்த்து, அது காதுப் பக்கம் ஒழுகும்படி விட்டீர்கள். விரல் ஒன்றும் தவறவில்லை.

திரும்பி வரும்போது வேனில் நான் கேட்டேன்: "அந்த மஞ்சச் சட்டைக்காரன் செத்துப்போயிருந்தா?"

"வாசிச்சோண்டு இருந்தா கொஞ்சம் பேரு ஆடுவான், கொஞ்சம் பேருதான் அடிப்பான்" என்றீர்கள். "நிறுத்தினா எல்லாவனும் அடிப்பான். இது கானமேளக்காரனுக்க நியமமாக்கும். மறக்காத."

நான் மறக்கவில்லை. அதுதான் பிறகு நடந்ததற்குக் காரணம்.

மறு கோடை விடுமுறையில் உங்கள் சொந்தப் பாட்டைப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னீர்கள். சொல் இல்லாத பாட்டு, கிட்டார் மட்டும். "எத்தன வருசம் கண்டவனுக்க பாட்ட வாசிச்சாச்சு. இதக் கேக்கவனுக்க நெஞ்சுல ஏறிச் சவுட்டி மிதிக்கணும்" என்றீர்கள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "பாவம் கேக்கவன்" என்றாள். நீங்களும் சிரித்தீர்கள். அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

படுக்கையறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றினீர்கள். மெத்தையை ஜன்னலில் சாய்த்தோம். அம்மாவின் பாலராமபுரம் சேலைகளைக் கயிற்றில் இரண்டு வரிசையாகத் தொங்கவிட்டோம். துணி இருந்தால் அறை எதிரொலிக்காது என்றீர்கள். ஆம்ப் என்கிற அந்த ஒலிப்பெட்டியை அலமாரிக்குள் வைத்து, எதிரில் மைக்கை நிறுத்தினீர்கள். நான் தரையில் லேப்டாப்புடன் உட்கார்ந்தேன். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை அழுத்தினால் பதிவு, மறுபடியும் அழுத்தினால் நிற்கும்.

"இந்தச் சிவப்பு எரியும்போ வீடு இடிஞ்சு விழுந்தாலும் கை வைக்கப்பிடாது. கேட்டியா?"

"கேட்டேன் அப்பா."

மூன்று ஞாயிறு, மூன்று கிட்டார். பக்கத்து மர அறுவை மில் ஞாயிற்றுக்கிழமைதான் சும்மா இருக்கும். முதல் வாரம் உங்கள் சிவப்புக் கிட்டார், கானமேளக் கிட்டார். தகரத்தைக் கத்தரிப்பது போன்ற ஒலி. அதைப் போனில் உள்ள செயலியை வைத்து அணுவும் பிசகாமல் சுருதி சேர்த்தீர்கள். இரண்டாம் வாரம் ஆலயத்துப் பாடகர் குழுவின் வெள்ளைக் கிட்டார். காலை ஆராதனை முடிந்ததும் கேட்டு வாங்கினீர்கள், சாயங்கால ஆராதனைக்கு முன் திருப்பி வைக்க வேண்டும். அதன் தந்தி முறுக்கும் சாவிகளில் குழுத் தலைவர் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருப்பார். யாராவது சாவியைத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ஆலயத்தில் எப்படி இருந்ததோ அப்படியே வாசித்தீர்கள். தாள எண்ணிக்கை மட்டும் காதில். முதல் வாரம் வாசித்ததைக் கேட்டுக்கொண்டு வாசிக்கலாமே என்று நான் கேட்டேன். "அதக் கேட்டா கை அதுக்க பின்னால போவும். ரெண்டும் எதிரெதிர நின்னு அடிக்கணும்" என்றீர்கள்.

மூன்றாம் வாரம் பலாமரக் கிட்டார். கட்டில் செய்து மிஞ்சிய பலகையில் நீங்களே உடம்பு அறுத்து, உடைந்த வேறொரு கிட்டாரின் கழுத்தைப் பூட்டியது. என்னால் ஒரு கையால் தூக்க முடியாது. பதிவுக்கு முன்பு மற்ற இரண்டையும் சேர்த்துப் பெரிய ஸ்பீக்கரில் போட்டீர்கள். அப்போது அது கேட்டது. ஒரே மரத்தை இரண்டு வாள்கள் இரண்டு பக்கமிருந்து அறுப்பதுபோல ஓர் உரசல். நீங்கள் வயரை மாற்றினீர்கள். பிளக்கைப் பிடுங்கிச் செருகினீர்கள். மிக்சரை உள்ளங்கையால் அறைந்தீர்கள். சமையலறையில் அம்மாவின் துருவல் சத்தம் நின்றது.

"ஒண்ணும் இல்ல. முறுக்கான சத்தம் அப்படித்தான் இருக்கும்" என்று யாரும் கேட்காமலே சொன்னீர்கள். ஹெட்போனை மாட்டினீர்கள். நான் சிவப்பை அழுத்தினேன்.

பாட்டின் நடுவில் பலாமரக் கிட்டாருக்கு நாலு சுற்று இடைவெளி உண்டு. ஒரு சுற்றுக்கு நாலு எண்ணிக்கை. அந்தப் பதினாறு எண்ணிக்கையும் மற்ற இரண்டு கிட்டார்கள் மோதிக்கொள்ளும், நீங்கள் சும்மா நிற்பீர்கள். கிட்டத்தட்ட பத்து நொடி. அந்த இடம் வந்தபோது அம்மா எவர்சில்வர் டம்ளரில் உங்களுக்குச் சாயா கொண்டுவந்து வாசலில் நின்றாள். நீங்கள் ஒரு காதிலிருந்து ஹெட்போனைத் தள்ளி அவளைப் பார்த்தீர்கள்.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளக் கிற்றாராக்கும் கூடி நிக்குது. நம்ம சர்ச்சு ஆர்மோனியத்துக்க சுருதில்லா அது."

அவளுக்குத் தெரியாதா? பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பழைய ஆர்மோனியத்தோடு பாடுகிறாள். அதன் சுருதி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஆலயத்தில் எல்லாரும் அதோடு ஏறிப் பாடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. வெள்ளைக் கிட்டாரையும் அந்தச் சுருதிக்குத்தான் கூட்டியிருந்தார்கள்.

"உன்ன கேட்டேனா நான்?"

கேட்டுவிட்டு அடித்தீர்கள். கை விரித்து, முழு வீச்சில். அம்மாவின் தலை கதவு நிலையில் மோதியது. டம்ளர் பறந்தது. கொதிக்கிற சாயா என் இடது மணிக்கட்டில் கொட்டியது. நான் கையை இழுக்கவில்லை. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. என் வலது கைவிரல் அதற்கு அரை அங்குலம் மேலே நின்றது. ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும். பாட்டு நின்றால் அடி கூடும் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள்.

நீங்கள் திரும்பினீர்கள். ஐந்தாம் சுற்றின் முதல் எண்ணிக்கையில், துல்லியமாக, பலாமரக் கிட்டாரில் இறங்கினீர்கள்.

அந்தப் பத்து நொடிக்குள் ஒரு மனுஷியை அடித்துவிட்டுத் தாளம் தவறாமல் திரும்பி வர உங்களால் முடிந்தது. இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அதைவிடக் கஷ்டமான ஒன்றையும் எழுத வேண்டும். அடிக்குப் பிறகு வரும் இருபது நொடிதான் அந்தப் பாட்டிலேயே மிக நல்ல இடம். மரம் பிளப்பதுபோல ஒலிக்கிறது. பிறகு பிளந்த இடத்திலிருந்து ஏதோ ஒன்று கெஞ்சுகிறது. நீங்கள் அப்படி வாசித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது வெட்கமாக இருக்கிறது.

வாசித்து முடித்ததும், "பதிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். "பதிஞ்சுது" என்றேன். கடைசிப் பகுதியை மட்டும் போடச் சொல்லிக் கேட்டுச் சிரித்தீர்கள். அம்மா என் மணிக்கட்டைத் தண்ணீர்க் குழாயின்கீழ் பிடித்தாள். அவள் கன்னத்தில் நாலு விரலும் எழும்பியிருந்தன. "சாரமில்ல மக்கா, ஒண்ணுமில்ல" என்று எனக்குச் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை நீங்கள் தனியாக ஆலயத்துக்குப் போயிருந்தீர்கள். ஆர்மோனியத்தின் ஒரு கட்டையை அமர்த்திக்கொண்டு போனை அதன் பக்கத்தில் வைத்துச் சுருதி பார்த்ததாக, ஆலயம் கூட்டும் அக்கா பிறகு சொன்னாள். அப்படியானால் அம்மா சொன்னது சரி என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டீர்கள். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பலாமரக் கிட்டாரை நெய்யாற்றின்கரையில் ஒரு நண்பருக்குக் காட்டப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். அவ்வளவுதான்.

அம்மாவின் சொல்லும், உங்கள் கேள்வியும், அந்த அறையும், டம்ளர் உருண்ட சத்தமும் அந்தப் பதிவில் இருக்கின்றன. நீங்கள் கேட்காமலே போய்விட்டீர்கள்.

போன மாதம் சித்தப்பா வந்தார். உங்கள் ஓராண்டு நினைவு ஆராதனை முடிந்து ஆலய மண்டபத்தில் சாயா கொடுக்கும்போது அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்றார். "அண்ணனுக்க சொந்தப் பாட்டு மைனி. நாலு பேரு கேக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அவரைத் தனியாக அழைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். அந்த இடம் வந்ததும் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பாத்திரம் விழுந்த சத்தம்லா இது?" என்றார்.

"அதுக்கு முன்னால உள்ளது?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "மனுசன் போயாச்சு மக்கா. இனி அதக் கிண்டி என்னத்துக்கு? நீ படிச்ச பிள்ள. நைசா வெட்டி எடு."

வெட்டுவது எளிது. பலாமரக் கிட்டார் சும்மா நிற்கும் அந்தப் பத்து நொடியில் அதன் பதிவை மட்டும் அழித்தால் போதும், மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாது. வெட்டியதையும் முழுசையும் தனித்தனியாக வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அன்றுதான் அவள் முதல்தடவை கேட்டாள். முழுசைக் கேட்கும்போது அந்த இடத்தில் கண்ணை மூடினாள், கை கன்னத்துக்குப் போகவில்லை. பிறகு வெட்டியதைக் கேட்டாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "நான் அங்க இல்லாத மாதிரி இருக்கு" என்றாள்.

"அடிச்ச சத்தம் கேக்கண்டாம்னு வெட்டினேன் அம்மா."

"அடிய வெட்டு. வேண்டாங்கல்ல. நான் சொன்ன சொல்ல என்னத்துக்கு வெட்டின? நான் சொன்னது சரியாக்கும்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உங்கள் கேள்விக்கும் அடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அடியை எடுத்தால் அறையின் ஒலி சட்டென்று அறுந்து, அங்கே எதையோ மறைத்திருப்பது இன்னும் நன்றாகக் கேட்டது. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். எல்லாவற்றையும் வைத்தால் மண்டபம் முழுக்க அம்மா அடிவாங்குவாள். எல்லாவற்றையும் எடுத்தால் அவள் வாயை நானே பொத்தியதாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நானே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழுசைத்தான் போட்டேன். சிவப்புக் கிட்டார் தகரத்தைக் கத்தரித்தது. வெள்ளைக் கிட்டார் அதன்மேல் வந்து உரசியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கானமேளக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். பலாமரக் கிட்டார் நுழைந்தபோது ஒரு குழந்தை பயந்து அழுதது. உண்மையாகவே நெஞ்சில் ஏறிச் சவுட்டியது, அப்பா. நீங்கள் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

நாலு சுற்று வந்தது. ஸ்பீக்கரில் அம்மாவின் குரல், மெதுவாக, ஆனால் தெளிவாக: "வெள்ளக் கிற்றாராக்கும் கூடி நிக்குது. நம்ம சர்ச்சு ஆர்மோனியத்துக்க சுருதில்லா அது."

நான் நிறுத்தினேன்.

பிறகு பாடகர் குழுத் தலைவர் முன்வரிசையிலிருந்து, "சரியாக்கும்! கால் சுருதி கூடுதல் உண்டு. அந்த ஆர்மோனியம் எனக்க அப்பன் காலத்துலயே அப்படியாக்கும்" என்று உரக்கச் சொன்னார். பாடகர் குழுப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி அம்மாவின் தோளைத் தட்டி, "உனக்க காது காதாக்கும் பிள்ளே" என்றாள்.

சித்தப்பா என்னிடம் வேகமாக வந்தார். "எட்டீ, என்னத்துக்கு நிறுத்தின? இனியல்லியோ பாட்டு!" அவருக்குக் காரணம் தெரியும். அவர் கை மேசைமேல் விரிந்து இருந்தது. உங்கள் கையைப் போலவே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரல் பட்டனிலிருந்து எழும்பவில்லை.

அம்மா எழுந்து வந்து எங்கள் நடுவில் நின்றாள். "மதி" என்றாள். "அதுவரைக்கும் போதும். எல்லாருக்கும் சாயா குடு."

சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். சாயா கொடுக்கப் போனார்.

பாட்டு நின்றால் அடி கூடும் என்று சொன்னீர்கள். கூடவில்லை, அப்பா. அன்றைக்கு அந்த அறையில் நான் நிறுத்தியிருந்தால் கூடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை யாரிடம் கேட்பது? உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் காலணா அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. பரீட்சை எழுதும்போது தாளைப் பிடிக்கும் கை அது, அடிக்கடி கண்ணில் படும்.

மீதி இருபது நொடியை நான் அழிக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியும். சில சமயம் தனியாகப் போட்டுக் கேட்கிறேன், சில சமயம் அந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். இரண்டையும் செய்கிறவள் நான்தான்.

சாக்கிலிருந்து உங்கள் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கழுத்து பிளந்தும் தடித்த தந்தி ஒன்று அறுபடாமல் தொங்குகிறது. சற்று முன்பு அதை ஒருமுறை மீட்டினேன். கரகரவென்று தளர்ந்த ஒலி, வயிற்றுக்குள் இறங்கியது. அடுக்களையில் அம்மா துருவுவதை நிறுத்தினாள்.

நான் உள்ளங்கையைத் தந்தியின்மேல் வைத்து அதை அமர்த்தினேன். அம்மா மறுபடி துருவத் தொடங்கினாள்.